வழிகாட்டி நூலும் வட சென்னைப் பேட்டைகளும்

பெருநகரங்களைப் பற்றிய வழிகாட்டி நூல்கள் எல்லாப் பகுதிகளுக்கும் சமமாக இடம் ஒதுக்குவதில்லை. சென்னையைப் பற்றிய நூல் என்றால் மெரினா, கபாலீசுவரர் கோயில், சாந்தோம், எழும்பூர் அருங்காட்சியகம், தியாகராய நகர்க் கடைகள் ஆகியவையே பெரும்பாலான பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும். ஜார்ஜ் டவுனுக்கு ஒன்றிரண்டு பத்திகள் கிடைக்கலாம். இராயபுரத்துக்கு ஒரு வரி. சிந்தாதிரிப்பேட்டைக்கு அதுவும் சந்தேகம். ஆனால் நகரம் தொடங்கி வளர்ந்தது பெரும்பாலும் இந்த வடபகுதியில்தான். நூல் ஒரு வரியில் கடந்துபோகும் பகுதியை அரைநாள் நடையாக விரித்துக்கொள்ளும் முறையை இந்த அத்தியாயம் வரிசையாகச் சொல்கிறது. எடுத்துக்காட்டுகள் சென்னையினுடையவை, முறை எந்தப் பெருநகருக்கும் பொருந்தும்.

நூலைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வேலைக்கு இரண்டு வகை நூல்கள் தேவை. ஒன்று பயணிகளுக்கான வழக்கமான வழிகாட்டி: போக்குவரத்து, தங்குமிடம், திறந்திருக்கும் நேரம், வரைபடம் ஆகியவை அதில் இருக்கும். மற்றொன்று ஊரின் வரலாற்றை இடம் இடமாகச் சொல்லும் நூல். சென்னைக்கு இந்த இரண்டாம் வகையில் நல்ல நூல்கள் உண்டு. எஸ். முத்தையா 1981-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் பின்னர் பலமுறை விரிவாக்கப்பட்டது. ‘சென்னை மறுகண்டுபிடிப்பு’ என்ற தலைப்பில் தமிழிலும் வந்திருக்கிறது. நரசய்யாவின் ‘மதராசபட்டினம்’, அசோகமித்திரனின் ‘ஒரு பார்வையில் சென்னை நகரம்’ ஆகியவையும் துணைக்கு உதவும்.

வாங்கும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, பதிப்பு ஆண்டு. மறு அச்சு ஆண்டைப் பதிப்பு ஆண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறு அச்சில் பழைய தகவல் அப்படியே இருக்கும். இரண்டாவது, வரைபடத்தின் அளவு. ஒரு சென்டிமீட்டர் 100 மீட்டரைக் குறிக்கும் வரைபடத்தில் சந்துகள்கூடத் தெரியும். அது நடப்பவருக்கு ஏற்றது. ஒரு சென்டிமீட்டர் அரைக் கிலோமீட்டரைக் குறித்தால் அது வண்டியில் போகிறவருக்கானது. மூன்றாவது, பெயரடைவு. தெருப்பெயர்களையும் சேர்த்து அகரவரிசையில் தரும் பெயரடைவு உள்ள நூலே இந்த வேலைக்குப் பயன்படும்.

பெயரடைவிலிருந்து தொடங்குதல்

வழிகாட்டி நூல்கள் தகவலை வகைவாரியாகப் பிரித்து வைக்கின்றன. கோட்டை ஓர் அத்தியாயத்தில், கோயில்கள் இன்னொன்றில், தேவாலயங்கள் வேறொன்றில், கடைவீதிகள் கடைசியில் என்று அமையும். அதனால் ஒரே தெருவில் இருக்கும் மூன்று இடங்கள் நூலில் நூறு பக்க இடைவெளியில் கிடக்கும். பெயரடைவில் பகுதியின் பெயரையும் அதன் முக்கியத் தெருக்களின் பெயர்களையும் தேடி, வரும் பக்கங்களையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு சேர்த்துப் படித்தால் சிதறிக் கிடந்தவை கோவையாகும்.

ஜார்ஜ் டவுன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புனித ஜார்ஜ் கோட்டை, உயர் நீதிமன்றம், பாரிமுனையின் எல்லைத்தூண், தேவராஜ முதலி தெருவின் இரட்டைக் கோயில்கள் என்ற நான்கும் நூலில் வெவ்வேறு இடங்களில் வரும். நான்கும் சொல்வது ஒரே கதை. 1640-ல் எழுந்த கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி இந்தியர்களின் நகரம் வளர்ந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. கோட்டைச் சுவர் வரை வீடுகள் நெருங்கியிருந்தால் எதிரிக்கு மறைவிடமாகும், பீரங்கிக்குப் பார்வை மறையும் என்பதால் அந்தப் பழைய நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கிருந்த கோயிலும் 1757-ல் போயிற்று. அதற்கு ஈடாகத்தான் இன்றைய சென்ன கேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் கோயில்கள் எழுந்தன. காலியான திடலில் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் ஆறு எல்லைத்தூண்கள் நடப்பட்டன. அவற்றில் மிஞ்சிய ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் நிற்கிறது. அந்தத் திடலின் ஒரு பகுதியில்தான் 1892-ல் உயர் நீதிமன்றம் எழுந்தது. நான்கு பதிவுகளையும் சேர்த்துப் படிக்காதவருக்குப் பேருந்து நெரிசலுக்கு நடுவே நிற்கும் அந்தத் தூண் வெறும் கல்லாகத்தான் தெரியும்.

எல்லை வகுத்தல்

ஒரு நடைக்கு நான்கு கிலோமீட்டர் போதும். நின்று பார்த்து, விசாரித்து, தேநீர் குடித்து நடக்கும்போது அதற்கே மூன்று மணி நேரம் ஆகிவிடும். எல்லையைச் சாலை, ரயில் பாதை, ஆறு போன்ற கண்ணுக்குத் தெரியும் கோடுகளால் வகுத்துக்கொள்வது நல்லது. வழி தவறினாலும் ஏதாவது ஒரு கோட்டில் வந்து முட்டிக்கொள்ளலாம்.

ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை, கிழக்கே ராஜாஜி சாலையும் துறைமுகமும், மேற்கே வால்டாக்ஸ் சாலை, வடக்கே பழைய ஜெயில் சாலை. இந்த எல்லை தற்செயலானது அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் புதிய நகரத்தைச் சுற்றி மதில் கட்டப்பட்டது. மேற்கிலும் வடக்கிலும் மதில் போன வழியில்தான் இந்தச் சாலைகள் போகின்றன. மதிலின் எச்சம் ஒன்று இராயபுரம் பக்கத்தில் மாடிப் பூங்காவாக இருக்கிறது.

இந்தச் சதுரத்துக்குள் தெருக்கள் பெரும்பாலும் தெற்கு வடக்காக நீளமாக ஓடுகின்றன: தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு என்று அழைக்கப்படும் ஆர்மீனியன் தெரு, மேற்கே தங்கசாலைத் தெரு. நடுவில் பிரகாசம் சாலை. கிழக்கே உள்ளது முத்தியால்பேட்டை, மேற்கே உள்ளது பெத்துநாயக்கன்பேட்டை. இரண்டுக்கும் இடையே கிடந்த தாழ்வான நிலத்தை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் போஃபாம் என்ற வழக்கறிஞர் சீராக்கியதால் உருவானதே அந்தச் சாலை. இந்த அமைப்பை வரைபடத்தில் ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால், உள்ளே நடக்கும்போது நூலைத் திறக்க வேண்டிய தேவை பாதியாகக் குறையும்.

நாளும் நேரமும்

வணிகப் பகுதி ஞாயிற்றுக்கிழமை ஒரு முகமும் மற்ற நாள்களில் இன்னொரு முகமும் காட்டும். வேலைநாளில் காலை பத்து மணிக்கு மேல் ஜார்ஜ் டவுனில் லாரி, கைவண்டி, மீன்பாடி வண்டி, தலைச்சுமை என்று தெரு நிறைந்துவிடும். வணிகம் எப்படி நடக்கிறது என்று பார்க்க அதுவே நேரம்: ஆண்டர்சன் தெருவில் காகிதமும் திருமண அழைப்பிதழும், கோடவுன் தெருவில் துணியும் மொத்தமாகக் கைமாறும். கட்டடங்களைப் பார்க்க ஞாயிறு காலையே ஏற்றது. கடைக்கதவு மூடியிருக்க, மாடியின் மரத்தூண்களும் வார்ப்பிரும்புக் கம்பிகளும் சுண்ணாம்பு வேலைப்பாடும் அப்போதுதான் கண்ணில் படும்.

கோயில்கள் பொதுவாக நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணி அளவில் திறக்கும். ஆகவே கோயில் இடம்பெறும் நடையைக் காலை ஏழு மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ தொடங்க வேண்டும். பருவத்தில் டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை நடக்க இதமானது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் பழைய தெருக்களில் தண்ணீர் தேங்கும். மே மாதத்தில் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வதே நல்லது.

முதல் மாதிரி நடை: பாரிமுனை முதல் ஏழுகிணறு வரை

தொடக்கம் உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையம். நீதிமன்ற வளாகத்துக்குள் போகக் கட்டுப்பாடு உண்டு; ஆனால் அதன் கோபுரத்தைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். 1894 முதல் 1977-ல் மெரினாவில் புதியது வரும் வரை கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கம் அந்தக் கோபுரத்தில்தான் எரிந்தது. டேர் ஹவுஸ் மூலையில் எல்லைத்தூணைப் பார்த்துவிட்டு ஆர்மீனியன் தெருவுக்குள் திரும்ப வேண்டும்.

1712-ல் முதலில் கட்டப்பட்டு 1772-ல் மறுபடி எழுந்த ஆர்மீனியத் தேவாலயம் இங்கே இருக்கிறது. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. முற்றத்தில் காலடியில் பதிந்திருக்கும் கற்களை உற்றுப் பார்த்தால் அவை கல்லறைக் கற்கள் என்பது தெரியும். ஆர்மீனிய எழுத்துகள் தேய்ந்தும் தேயாமலும் இருக்கும். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794-ல் வெளிவந்தது சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறையும் இந்த வளாகத்தில் உள்ளது.

அடுத்தது தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். மராட்டிய மன்னர் சிவாஜி 1677-ல் இங்கு வழிபட்டதாகக் கோயில் மரபு சொல்கிறது. பாரதியாரும் இங்கு வந்து வழிபட்டார் என்பார்கள். வழிகாட்டி நூலில் ‘என்பர்’, ‘கூறப்படுகிறது’ என்று முடியும் வாக்கியங்களை மரபுச் செய்தியாகவும், ஆவணத்தையோ கல்வெட்டையோ சுட்டும் வாக்கியங்களை வரலாற்றுச் செய்தியாகவும் பிரித்துப் படிக்கப் பழக வேண்டும். இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கக் கூடாது.

பிரகாசம் சாலையைக் கடந்தால் பெத்துநாயக்கன்பேட்டை. தேவராஜ முதலி தெருவில் பெருமாளும் சிவனும் பக்கத்துப் பக்கத்துக் கோயில்களில் இருப்பார்கள். அங்கிருந்து இராசப்பச் செட்டித் தெருவில் கந்தகோட்டம். வள்ளலார் இளமையில் பாடிய ‘தெய்வமணிமாலை’ இந்த முருகன் மீது பாடப்பட்டது. வள்ளலார் வாழ்ந்த வீராசாமித் தெரு வீடு இன்னும் வடக்கே, ஏழுகிணற்றுப் பகுதியில் உள்ளது. கோயிலையும் வீட்டையும் நூல் தனித்தனியே சொல்லும். நடக்கும்போது அவை இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், சிறுவன் ஒருவன் நடந்தே வந்துபோகக்கூடிய தூரம் என்பது விளங்கும்.

தங்கசாலைத் தெருவில் வடக்கே நடந்தால் சவுக்கார்பேட்டை. குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. மாலையில் ஜிலேபி, கச்சோரி, வெண்ணெய் மிதக்கும் லஸ்ஸி ஆகியவற்றோடு முறுக்கு சாண்ட்விச்சும் கிடைக்கும்: இரண்டு முறுக்குகளுக்கு நடுவே காய்த்துண்டும் சட்னியும் வைத்த தின்பண்டம், மெட்ராஸும் மார்வாடும் ஒரே தட்டில் கூடியது. தெருவின் வடமுனையில் நாணயச்சாலை இருந்த இடத்தில் அரசு மைய அச்சகம் உள்ளது. பக்கத்தில் ஏழுகிணறு. 1772-ல் கேப்டன் பேக்கர் முன்வைத்த திட்டப்படி இங்கிருந்துதான் கோட்டைக்குக் குடிநீர் போனது. மதிலுக்கு உள்ளே கிணறு எதற்கு என்ற கேள்விக்குப் பதில், நூலில் கோட்டையைப் பற்றிய பதிவில் இருக்கிறது: முற்றுகைக் காலத்தில் குடிநீர் வெளியே இருந்தால் கோட்டை தாங்காது.

நடையை மாலையில் முடிப்பவர்கள் பாரிமுனைக்குத் திரும்பி இரண்டாம் கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் தள்ளுவண்டிகளில் அத்தோ கிடைக்கும். 1960-களில் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் உணவு இது. பொரித்த வெங்காயம், கோஸ், புளித்தண்ணீர் சேர்த்துக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்பும் வரும்.

இரண்டாம் மாதிரி நடை: இராயபுரம்

பெரும்பாலான நூல்கள் இராயபுரத்தை ரயில் நிலையத்துக்காக மட்டும் குறிப்பிடும். 1856 ஜூன் 28 அன்று திறக்கப்பட்ட இந்த நிலையம் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். இங்கிருந்து முதல் ரயில் வாலாஜா ரோடுக்குப் போனது. சென்ட்ரல் நிலையம் வந்தது 1873-ல். கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் இராயபுரம். தூண்கள் வரிசையிட்ட பழைய முகப்பை நடைமேடையிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், வெளியே வந்து எதிர்ப்புறம் நின்று பார்க்க வேண்டும்.

ரயில் ஏன் இங்கே தொடங்கியது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்ற இடங்கள் தாமே வரிசைக்கு வரும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னையில் கட்டப்பட்ட துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட, மசூலா படகுகள் அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தன. அந்தப் படகோட்டிகளின் பேட்டை இது. புனித பேதுரு தேவாலயம் அவர்களுடையது. மேற்கு மாதா கோயில் தெருவில் 1910-ல் அமைந்த பார்சிகளின் அக்கினிக் கோயில், வணிகத்தைத் தொடர்ந்து வந்த ஒரு சிறு சமூகத்தின் அடையாளம். பார்சி அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே நின்று பார்க்கலாம்.

நடை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் முடிகிறது. ஏலத்தைப் பார்க்க வேண்டுமானால் நடையைத் தலைகீழாக மாற்றி, விடியுமுன் இங்கே தொடங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாள்களில் துறைமுகம் ஓய்ந்திருக்கும்.

நூலில் இல்லாத பகுதி

நூல் ஒன்றும் சொல்லாத பகுதிக்கு வரைபடமே வழிகாட்டி. சிந்தாதிரிப்பேட்டையைச் சுற்றிக் கூவம் வளைந்து போவதும், உள்ளே தெருக்கள் நேர்கோடாக இருப்பதும் வரைபடத்தில் தெரியும். சுற்றிலும் வளைந்த தெருக்கள் இருக்க ஓரிடத்தில் மட்டும் நேர்த்தெருக்கள் இருந்தால், அது ஒரே சமயத்தில் திட்டமிட்டு அமைத்த குடியிருப்பு என்று கொள்ளலாம். 1730-களில் ஆளுநர் மோர்ட்டன் பிட் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. நடுவே ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் பக்கத்துப் பக்கத்தில். பறக்கும் ரயிலில் இறங்கி ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். கோயிலை மையமாக வைத்து நான்கு திசைத் தெருக்களிலும் ஒருமுறை நடப்பதே இத்தகைய பகுதிக்கு எளிய முறை.

பெயரும் கதவு எண்ணும்

சென்னையில் பல சாலைகளுக்கு இரண்டு பெயர்கள். நூலில் பிரகாசம் சாலை என்று இருக்கும். நடத்துநர் பிராட்வே என்பார். ராஜாஜி சாலை பழைய நூல்களில் முதல் கடற்கரைச் சாலை. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையின் ஒரு பகுதி சைனா பஜார். 1996-க்கு முன் அச்சான நூல்களில் ஊரின் பெயரே மெட்ராஸ். புறப்படும் முன் இரு பெயர்களையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வழி கேட்கும்போது பழைய பெயரே விரைவில் பலன் தரும்.

வீட்டு வாசல்களில் ‘ப.எண்’, ‘பு.எண்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். நூல் எந்த எண்ணைத் தருகிறது என்று தெரியாவிட்டால், அருகிலுள்ள இரண்டு மூன்று வாசல்களில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து நடக்கலாம். தெருப் பலகையில் பின்கோடு இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும்: 600 001 என்றால் ஜார்ஜ் டவுன், 600 013 என்றால் இராயபுரம். ஒரே பெயரில் ஊர் முழுக்கத் தெருக்கள் இருப்பதால் இந்தச் சரிபார்ப்பு அலைச்சலைக் குறைக்கும்.

நூல் பழசாகும் இடங்கள்

கட்டடத்தின் ஆண்டு, தெருவின் போக்கு, கோயிலின் அமைப்பு ஆகியவற்றில் இருபது ஆண்டுப் பழைய நூலையும் நம்பலாம். கட்டணம், நேரம், போக்குவரத்து, சந்தை ஆகியவற்றில் மூன்று ஆண்டுப் பழைய நூலையும் சரிபார்க்க வேண்டும். ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியை மாபெரும் காய்கறிச் சந்தை என்று வருணிக்கும் நூல்கள் உண்டு. மொத்த வணிகம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில், புதிய பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஓடவில்லை. மறுபக்கம், வண்ணாரப்பேட்டை வரை 2019-லும் விம்கோ நகர் வரை 2021-லும் மெட்ரோ வந்தது, பழைய நூல்கள் ‘எட்டாத தொலைவு’ என்று விட்ட பகுதிகளை அருகில் கொண்டுவந்திருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவில் ரயில் நேரத்தையும் கோயில் நேரத்தையும் மட்டுமாவது தொலைபேசியில் உறுதிசெய்துகொள்வது போதுமானது.

குடியிருப்புகளில் நடந்துகொள்ளும் முறை

இவை மக்கள் குடியிருக்கும் தெருக்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே வீட்டையோ திண்ணையையோ படமெடுக்க வேண்டும். துறைமுகம், சுங்கத் துறை, நீதிமன்றம் ஆகியவற்றின் சுவர் ஓரங்களில் படமெடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. மீன் ஏலத்திலும் மொத்தக் கடைகளிலும் ஓரமாக நிற்க வேண்டும். சுமை தூக்கி வருபவருக்கு வழிவிடுவது அங்கே முதல் விதி. குழுவாகப் போனால் ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம், சந்து அடைபடும். வழி கேட்கும்போது நூலை விரித்து வரைபடத்தைக் காட்டுவதைவிடக் கோயில், பள்ளி, திரையரங்கு ஒன்றின் பெயரைச் சொல்லி ‘அண்ணே, அதுக்கு எப்படிப் போகணும்?’ என்று கேட்பதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்.

குறிப்பெழுதுதல்

நடை முடிந்த அன்றே நூலின் ஓரத்தில் திருத்தங்களை எழுதிவிட வேண்டும்: மாறிய நேரம், மூடிய கடை, இடிந்த கட்டடம், நூலில் இல்லாத இடம். ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி இட வேண்டும். தேதியில்லாத குறிப்பு அடுத்த ஆண்டே நம்பத்தகாததாகிவிடும். பென்சிலில் எழுதினால் பின்னர் மாற்றலாம். வரைபடத்தில் நடந்த தெருக்களைக் கோடிட்டு வைத்தால் எந்தத் தெருக்கள் இன்னும் மிச்சம் என்பது தெரியும். அடுத்த நடையின் எல்லையை அவற்றைக் கொண்டு வகுத்துக்கொள்ளலாம்.